சொற்பொழிவுகளை ஊருக்குத் திருப்பிக் கொடுங்கள்

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் துணைவேந்தர்களுக்கும், பதிவாளர்களுக்கும், துறைத்தலைவர்களுக்கும், துணைவேந்தர் இல்லாத இடங்களில் பொறுப்பு வகிக்கும் ஒருங்கிணைப்புக் குழுவினருக்கும்,

வணக்கம்.

உங்கள் வளாகங்களில் ஆண்டு முழுவதும் அறக்கட்டளைச் சொற்பொழிவுகள் நடக்கின்றன. நினைவுச் சொற்பொழிவு, சிறப்புச் சொற்பொழிவு என்று வேறு பெயர்களிலும் நடக்கின்றன. கலை விழாக்களும் உண்டு. இவற்றில் பெரும்பாலானவை ஊருக்குத் தெரியாமலே நடந்து முடிந்துவிடுகின்றன. மறுபடியும் ஊர் மக்கள் வந்து கேட்கிற, பார்க்கிற நிகழ்ச்சிகளாக இவற்றை நடத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்வதற்காக எழுதுகிறேன்.

நான் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். எந்தப் பல்கலைக்கழகத்திலும் வேலை பார்த்ததில்லை. ஆனால் கேட்பவர் வரிசையில் நிறைய உட்கார்ந்திருக்கிறேன். அந்த வரிசையிலிருந்து தெரிவதைச் சொல்கிறேன்.

இன்று ஓர் அறக்கட்டளைச் சொற்பொழிவு எப்படி நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். வேலை நாளில் காலை பதினொரு மணி. அழைப்பிதழ் முந்தைய நாள் மாலை துறையின் வாட்ஸ்அப் குழுவில் வருகிறது. தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, இரண்டு மூன்று வாழ்த்துரைகள், பொழிவாளர் அறிமுகம், பொன்னாடை, நினைவுப் பரிசு. பொழிவாளர் ஒலிவாங்கியின் முன் வந்து நிற்கும்போது மணி பன்னிரண்டைத் தாண்டியிருக்கும். ஒரு மணிக்குச் சாப்பாடு. மாதக்கணக்கில் படித்துத் தயாரித்துக்கொண்டு வந்தவர் அரை மணியில் சுருக்கிச் சொல்லிவிட்டு உட்கார வேண்டியிருக்கிறது. கேள்வி நேரம் என்று அழைப்பிதழில் அச்சடித்திருந்தாலும், நேரமில்லை என்று நன்றியுரைக்குப் போய்விடுகிறார்கள். கேட்பவர்கள் யார்? வகுப்பை விட்டு அழைத்து வரப்பட்ட முதுகலை மாணவர்கள். வருகைப் பதிவு எடுக்கப்படும் என்பதால் வந்தவர்கள். பொழிவாளரின் துறையில் உண்மையான ஆர்வம் உள்ள ஓர் ஆசிரியரோ, வங்கி ஊழியரோ, வேறு கல்லூரி மாணவரோ அந்த நேரத்தில் வரவே முடியாது.

இதற்குத் துறைகளின் சோம்பல்தான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். துறைத்தலைவர்களுக்கு இருக்கிற நெருக்கடி எனக்குப் புரிகிறது. பல்கலைக்கழகத்தின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வரும்போது காட்டுவதற்கு நிகழ்ச்சி அறிக்கை வேண்டும், ஜியோ டேக் செய்த புகைப்படம் வேண்டும், கலந்துகொண்டவர் பட்டியல் வேண்டும். எத்தனை நிகழ்ச்சி என்ற எண்ணிக்கைக்கு அறிக்கையில் இடம் இருக்கிறது. கேட்டவர் மனதில் என்ன தங்கியது என்பதற்கு இடமில்லை. ஆகவே நிகழ்ச்சிகள் பெருகுகின்றன, ஒவ்வொன்றும் மெலிகிறது.

அதைவிட முக்கியமான காரணம் பணம். இதைப் பற்றி வெளியில் யாரும் பேசுவதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஓர் அறக்கட்டளை என்றால் ஒருவர் ஒரு தொகையைப் பல்கலைக்கழகத்திடம் வைப்பாகக் கொடுக்கிறார். அதன் வட்டியில் ஆண்டுக்கு ஒரு சொற்பொழிவு நடத்த வேண்டும் என்பது ஒப்பந்தம். நாற்பது ஆண்டுக்கு முன்பு ஒருவர் 25,000 ரூபாய் கொடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காலத்தில் அது பெரிய தொகை. ஒரு குடும்பம் வீட்டு மனை வாங்கும் எண்ணத்தை விட்டுவிட்டு, அப்பாவின் பேரிலோ ஆசிரியரின் பேரிலோ கொடுத்திருக்கும். இன்று ஏழு சதவீத வட்டி என்றால் ஆண்டுக்கு 1,750 ரூபாய் வரும். மதுரையிலிருந்து ஒரு பேராசிரியர் சென்னைக்கு வந்து திரும்ப, ரயிலில் இரண்டாம் வகுப்பு ஏசி கட்டணத்துக்கே அது போதாது. அப்புறம் தங்கும் இடம், மதிப்பூதியம், அழைப்பிதழ், தேநீர். துறைத்தலைவர் என்ன செய்வார்? பக்கத்துக் கல்லூரியில் இருப்பவரை அழைப்பார், அல்லது இரண்டு மூன்று அறக்கட்டளைகளை ஒரே காலையில் நடத்தி முடிப்பார். அடுத்த மாதம் அந்தப் பக்கத்துக் கல்லூரிக்கு இவர் போய்ப் பேசுவார். இப்படித்தான் சொற்பொழிவு என்பது ஊர் கேட்கிற விஷயமாக இல்லாமல், துறைகள் ஒன்றுக்கொன்று செய்துகொள்கிற மொய் போல ஆகிவிட்டது.

கொடுத்தவர்கள் இதற்காகவா கொடுத்தார்கள்? பழைய அறக்கட்டளைகள் என்ன செய்தன என்று பாருங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் சர் வில்லியம் மேயர் பேரில் ஒரு சொற்பொழிவு வரிசை உண்டு. 1929–30ஆம் ஆண்டுக்கு வரலாற்றறிஞர் சா. கிருஷ்ணசாமி ஐயங்கார் அதில் பேசினார். தென்னிந்தியாவில் ஆட்சி அமைப்புகள் எப்படி வளர்ந்தன, கிராம சபைகள் எப்படி இயங்கின என்பதுதான் பொருள். அந்தப் பேச்சு 1931இல் நூலாக வந்தது. திருக்குறள் ஆய்வுக்கென்றே திருமதி சொர்ணம்மாள் பேரில் ஏற்பட்ட அறக்கட்டளை இருக்கிறது. அந்தச் சொற்பொழிவுகளும் நூலாகி, குறளைப் படிக்கிறவர்கள் இன்றும் தேடிப் போகிற பக்கங்களாக இருக்கின்றன. ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் பேரில் ஒரு சொற்பொழிவு அறக்கட்டளை. அரசியலமைப்பு வரைவுக்குழுவில் பின்னாளில் இருந்த அதே அல்லாடிதான். ராதாகிருஷ்ணன் துணைவேந்தராக இருந்த காலத்தில், 1933இல், அந்த அறக்கட்டளையின் கீழ் வந்து பேசியவர் ரவீந்திரநாத் தாகூர். மனிதனைப் பற்றி அவர் ஆற்றிய அந்த உரைகளைப் பல்கலைக்கழகம் நூலாகவும் வெளியிட்டது. ஒரு வழக்கறிஞர் கொடுத்த நன்கொடை, ஒரு துணைவேந்தரின் அக்கறை, விசாகப்பட்டினத்து மக்களுக்குத் தாகூரின் குரல். அறக்கட்டளை என்றால் இதுதான்.

சரி, ஒரு சொற்பொழிவினால் அப்படி என்ன நடந்துவிடும் என்று கேட்கலாம். இயற்பியல் ஆசிரியன் என்பதால் இந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் தயாராக இருக்கிறது. என் மாணவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொன்ன கதையும் இதுதான்.

1928இல் ஜெர்மானிய இயற்பியலாளர் ஆர்னால்ட் சொம்மர்ஃபெல்ட் இந்தியாவுக்கு வந்தார். சென்னையில் மாநிலக் கல்லூரியில் பேசினார். கேட்டவர்களில் ஒருவர், பதினெட்டு வயதை ஒட்டிய மாணவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். அணு அமைப்பு பற்றிச் சொம்மர்ஃபெல்ட் எழுதிய நூலை அவர் அதற்கு முன்பே தானாகப் படித்து முடித்திருந்தார். பேச்சைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடவில்லை. சொம்மர்ஃபெல்ட் தங்கியிருந்த ஓட்டலுக்கே நேரில் போய்ச் சந்தித்தார். உங்கள் நூலைப் படித்திருக்கிறேன் என்று சொன்னபோது சொம்மர்ஃபெல்ட் சொன்ன பதில் அந்த மாணவரைத் தூக்கிவாரிப் போட்டிருக்க வேண்டும். அந்த நூலில் உள்ள குவாண்டம் கொள்கை பழையதாகிவிட்டது, ஹைசன்பர்க், ஷ்ரோடிங்கர் போன்றவர்கள் எல்லாவற்றையும் மாற்றிவிட்டார்கள் என்றார் அவர். சொன்னதோடு நிறுத்தாமல், உலோகங்களில் எலெக்ட்ரான்கள் பற்றித் தாம் எழுதி இன்னும் அச்சில் வராத கட்டுரையின் அச்சுப்படியையும் அந்த மாணவரிடம் கொடுத்தார்.

சந்திரசேகர் அதை உட்கார்ந்து படித்தார். அதில் இருந்த புதிய குவாண்டம் புள்ளியியலை, எக்ஸ் கதிர் எலெக்ட்ரானில் மோதிச் சிதறுகிற காம்ப்டன் சிதறலோடு பொருத்திப் பார்த்து ஒரு கட்டுரை எழுதினார். அது கேம்பிரிட்ஜில் இருந்த ஃபவுலர் வழியாக 1929இல் லண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் வெளிவந்தது. அடுத்த ஆண்டு அதே ஃபவுலரிடம் ஆய்வு செய்ய இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். கப்பலில் போகும்போதே, எரிபொருள் தீர்ந்து சுருங்கிப்போன வெள்ளைக் குள்ள விண்மீன்களின் நிறைக்கு ஓர் எல்லை உண்டு என்று கணக்கிட்டார். இன்று உலகம் முழுவதும் அதைச் சந்திரசேகர் எல்லை என்கிறார்கள். அந்தக் கணக்கில் அவர் பயன்படுத்தியது, சொம்மர்ஃபெல்ட் வந்துபோன பிறகு அவர் படித்துத் தேர்ந்த அதே புதிய புள்ளியியல்தான். 1983இல் நோபல் பரிசு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1929இல் ஹைசன்பர்க் சென்னைக்கு வந்தார். அவரைச் சுற்றிக் காட்டும் பொறுப்பு இந்த மாணவரிடம்தான் கொடுக்கப்பட்டது. கடற்கரைச் சாலையில் காரில் போய்க்கொண்டே, அந்த நேரத்தில் உலகின் மிகப் புதிய இயற்பியலை அதை உருவாக்கியவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பு. ஒரு பேராசிரியர் மாணவரை நம்பி விருந்தினரை ஒப்படைத்ததால் கிடைத்த வாய்ப்பு அது. இன்று நம் நிகழ்ச்சிகளில் விருந்தினரைச் சுற்றி யார் நிற்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். கேள்வியோடு வந்த மாணவர் அவரை நெருங்குவதற்குள் கார் கிளம்பிவிடுகிறது.

அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் மகன் அல்லாடி ராமகிருஷ்ணன் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியராக இருந்தார். மயிலாப்பூரில் தங்கள் குடும்ப வீட்டிலேயே மாணவர்களை வைத்துக்கொண்டு கோட்பாட்டு இயற்பியல் கருத்தரங்கு நடத்தினார். வெளிநாட்டிலிருந்து யார் வந்தாலும் அந்த மாணவர்கள் முன்னால் பேச வைத்தார். 1960இல் டென்மார்க் இயற்பியலாளர் நீல்ஸ் போர் வந்தபோது அந்த மாணவர் குழுவைப் பார்த்து வியந்தார், அதைத் தில்லியிலும் பேசினார். நேருவின் கவனம் இந்தப் பக்கம் திரும்பியது. 3 ஜனவரி 1962 அன்று சென்னையில் கணித அறிவியல் நிறுவனம் தொடங்கப்பட்டது. தொடக்க நாளில் வந்திருந்தவர் சந்திரசேகர். இப்போது தரமணியில் இருக்கிற அந்த நிறுவனத்தின் வேரைத் தேடிப் போனால் ஒரு வீட்டு மாடியும், கேட்கத் தயாராக இருந்த சில மாணவர்களும்தான் தென்படுகிறார்கள். பெரிய அரங்கமும் பெரிய செலவும் இருந்தால்தான் முடியும் என்பதில்லை.

இப்போது எல்லாம் யூடியூபில் கிடைக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். கிடைக்கிறது, மறுக்கவில்லை. நானே அங்கே நிறையக் கேட்கிறேன். ஆனால் சொம்மர்ஃபெல்டின் நூலும் சந்திரசேகருக்குக் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. நூல் சொல்லாததை ஆள் சொன்னார். நீ படித்தது பழையது என்று முகத்தைப் பார்த்துச் சொல்லவும், இதைப் படி என்று கையில் கொடுக்கவும் ஓர் ஆள் எதிரில் இருக்க வேண்டும். அதனால்தான் பேச்சைவிடப் பேச்சுக்குப் பின் வரும் நேரத்தை நான் பெரிதாக நினைக்கிறேன். உங்கள் நிகழ்ச்சிகளில் முதலில் வெட்டப்படுவதும் அந்த நேரம்தான்.

யார் வருவார்கள் என்ற சந்தேகம் உங்களுக்கு இருக்கலாம். ஈரோட்டில் மக்கள் சிந்தனைப் பேரவை 2005 முதல் நடத்தும் புத்தகத் திருவிழாவுக்கு ஒரு மாலை போய்ப் பாருங்கள். குடும்பத்தோடு வந்து ஆயிரக்கணக்கானோர் உட்கார்ந்து மணிக்கணக்கில் பேச்சு கேட்கிறார்கள். 1977இல் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சியின் மாலை அரங்கும் நிறைகிறது. மார்கழியில் மியூசிக் அகாடமியின் காலை விளக்கவுரைகளுக்குப் பனியில் சால்வை போர்த்திக்கொண்டு முதியவர்கள் வந்து, ஒரு ராகத்தின் ஒரு சஞ்சாரத்தைப் பற்றிய வாதத்தைக் கவனித்துக் கேட்கிறார்கள். சென்னையில் ரோஜா முத்தையா நூலகம் போன்ற இடங்களில் கல்வெட்டு, பழைய அச்சு, நாணயம் என்று பேச்சு வைத்தால் கேட்க ஆள் இருக்கிறது. பேச்சைக் கேட்டு வளர்ந்த சமூகம் இது. திண்ணையிலும் மேடையிலும் பட்டிமன்றத்திலும் கேட்டுக்கேட்டுப் பழகிய காது. அந்தக் காதுக்குப் பல்கலைக்கழகம் மட்டும்தான் எதுவும் சொல்லாமல் இருக்கிறது.

சேப்பாக்கத்தை நினைத்துப் பாருங்கள். கட்டடக் கலைஞர் சிஸம் வடிவமைத்து 1879இல் கட்டி முடிந்த செனட் ஹவுஸ், நூற்றாண்டு மண்டபம், மெரினா வளாகத்தில் பவள விழா அரங்கம். எதிரில் மாலை ஐந்து மணிக்குமேல் நகரமே வந்து காற்று வாங்குகிறது. பறக்கும் ரயில் நிலையம் நடக்கும் தூரத்தில். ஆறு மணிக்கு ஒரு நல்ல பேச்சு என்று வாசலில் ஒரு பலகை வைத்தால் போதும், கடற்கரைக்கு வந்தவர்களில் சிலராவது உள்ளே வருவார்கள். அலுவலகம் முடித்து வருகிறவர்கள் வருவார்கள். நியூட்ரினோ என்றால் என்ன, கீழடியில் கிடைத்த பானை ஓட்டில் என்ன எழுதியிருக்கிறது, கூவம் ஏன் இப்படி ஆனது என்று தெரிந்துகொள்ள விரும்புகிற மக்கள் இந்த நகரத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

ஆனால் வந்தாலும் வாசலைத் தாண்ட வேண்டுமே. ஒரு பல்கலைக்கழகத்துக்கு, பெயர் வேண்டாம், ஒரு சொற்பொழிவு கேட்கப் போயிருந்தேன். அழைப்பிதழில் 'அனைவரும் வருக' என்று இருந்தது. வாசலில் காவலர் நிறுத்தி, "யாரைப் பார்க்கணும் சார்? ஐடி கார்டு இருக்கா?" என்றார். பேச்சு கேட்க வந்தேன் என்றேன். அவருக்கு அது புரியவில்லை. அவர் மேல் தப்பில்லை, அப்படி ஒருவர் வருவார் என்று அவருக்கு யாருமே சொல்லியிருக்கவில்லை. துறைக்குப் போன் போட்டு, ஒருவர் வந்து கையெழுத்துப் போட்டு, நான் உள்ளே போய்ச் சேர்ந்தபோது பேச்சு பாதி முடிந்திருந்தது. நான் ஓய்வு பெற்றவன், காத்திருக்க முடிந்தது. என்னோடு வாசலில் நின்ற ஒரு பாலிடெக்னிக் மாணவர் திரும்பிப் போய்விட்டார். அந்தப் பையன் என்ன கேட்க வந்தான் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன். வளாகப் பாதுகாப்பு வேண்டும், குறிப்பாகப் பெண் மாணவர்களின் பாதுகாப்பு வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. அரங்கத்துக்குப் போகும் வழியை மட்டும் மாலையில் தனியாகத் திறந்து, பெயர் எழுதி அனுப்பலாம். அதற்கு ஒரு மேசை, ஒரு நோட்டு, நிகழ்ச்சி பற்றித் தெரிந்த ஒரு மாணவர் போதும்.

ஊருக்கு வெளியில் இருக்கும் பல்கலைக்கழகங்களுக்கு வேறு சிக்கல். மதுரை காமராசர் பல்கலைக்கழகம் நகரத்திலிருந்து மேற்கே தள்ளி நாகமலை அடிவாரத்தில் இருக்கிறது. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் அபிஷேகப்பட்டியில். மாலை ஏழு மணிக்குப் பேச்சு முடிந்தால் கேட்டவர் பேருந்து பிடித்து வீடு வந்து சேர்வது சிரமம். ஆகவே மக்களை அங்கே வரச் சொல்வதைவிடப் பேச்சை ஊருக்குள் கொண்டு வாருங்கள். மதுரையில் காந்தி நினைவு அருங்காட்சியகம் இருக்கிறது, 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. பாளையங்கோட்டையில் கல்லூரிகளுக்கா பஞ்சம்? ஆண்டில் பாதிச் சொற்பொழிவுகளையாவது நகரத்துக்குள் வைக்கலாம். மாவட்ட நூலகங்களோடு பேசினால் இடவாடகைகூட இல்லாமல் முடியும்.

கலை நிகழ்ச்சிகளுக்கு வருகிறேன். இதில் எனக்கு வருத்தம் இன்னும் அதிகம்.

1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு நடந்தது. கச்சேரி மேடையில் தமிழ்ப் பாட்டுக்கு உரிய இடம் வேண்டும் என்ற கோரிக்கை ஓர் இயக்கமாக வடிவம் எடுத்ததற்கு அது ஒரு முக்கியமான படி. இரண்டு ஆண்டில் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் உருவானது. ஒரு பல்கலைக்கழக வளாகம் இசை பற்றிய வாதத்துக்கு இடம் கொடுத்தது, அந்த வாதம் நாடெங்கும் பரவியது.

இலங்கையில் பேராதனையில் நடந்தது இன்னும் அழகானது. அங்கே ஆசிரியராக இருந்த எதிரிவீர சரச்சந்திர, 'நாடகம' என்ற சிங்களக் கிராமிய நாடக வடிவத்தின் சாயலில் 'மனமே' என்ற நாடகத்தை 1956இல் மேடையேற்றினார். அந்த நாடகமவின் வேர் தமிழ்க் கூத்தில் இருந்தது. அதைக் கண்ட தமிழ்ப் பேராசிரியர் சு. வித்தியானந்தன், நம் கூத்துக்கு நாம் என்ன செய்தோம் என்று மட்டக்களப்புக் கிராமங்களுக்குப் போனார். கூத்துக் கற்றுத் தரும் அண்ணாவிமாரை அழைத்து வந்து பல்கலைக்கழக மாணவர்களுக்கு ஆடக் கற்றுக்கொடுக்க வைத்தார். விடிய விடிய ஆடும் கூத்தை, அதன் ஆட்டமும் பாட்டும் கெடாமல், மேடைக்கு ஏற்றபடி சுருக்கினார். 1960களில் 'கர்ணன் போர்', 'இராவணேசன்' என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு பிற்காலத்தில் பேராசிரியராகி, மட்டக்களப்பில் அடுத்த தலைமுறைக்குக் கூத்துக் கற்றுக்கொடுத்தார். படிக்காதவர்களின் ஆட்டம் என்று ஒதுக்கப்பட்டிருந்த ஒன்றைப் படித்தவர்கள் அண்ணாவியாரின் முன் நின்று கற்றுக்கொண்டார்கள். ஒரு பல்கலைக்கழகக் கலை நிகழ்ச்சி செய்யக்கூடிய மிகப் பெரிய காரியம் இதுதான் என்று நினைக்கிறேன்.

நம் வளாகங்களில் நாட்டார் கலைஞர்களுக்கு என்ன இடம் கொடுக்கிறோம்? சிறப்பு விருந்தினர் காரிலிருந்து இறங்கும்போது வாசலில் பறை அடிக்கிறார்கள், கரகம் ஆடுகிறார்கள். விருந்தினர் கும்பிட்டுவிட்டு உள்ளே போய்விடுகிறார். கலைஞர்கள் வெயிலில் நின்று வியர்வையைத் துடைத்துக்கொண்டு வண்டி ஏறுகிறார்கள். அவர்களை யாரும் உள்ளே அழைத்து உட்கார வைத்து, இந்த அடிக்கு என்ன பெயர், யாரிடம் கற்றீர்கள், சாவுக்கு அடிப்பதும் திருவிழாவுக்கு அடிப்பதும் எங்கே வேறுபடுகிறது என்று கேட்பதில்லை. பத்து நிமிடம் வரவேற்புக்கு ஆடுகிறவருக்கு ஒரு முழு மாலையைக் கொடுங்கள். தெருக்கூத்து வாத்தியார் ஒருவரை அழைத்தால், அவர் கட்டும் வேஷத்தை மாணவர்கள் கிட்டே இருந்து பார்க்கட்டும். முகத்தில் அரிதாரம் பூசுவதிலிருந்து விளக்கிச் சொல்லச் சொல்லுங்கள். பேராசிரியருக்குக் கொடுக்கும் அதே மதிப்பூதியத்தை, அதே நாளில், கையில் கொடுங்கள். காசோலைக்காகக் கலைஞர்களை மாதக்கணக்கில் அலைய விடாதீர்கள்.

மாணவர்களின் ஆண்டு விழாவில் டிஜே இருக்கட்டும், சினிமாப் பாட்டு இருக்கட்டும். அது அவர்கள் வயதுக்கு உரிய மகிழ்ச்சி. அதோடு வேறு ஒன்றும் கண்ணில் படவேண்டும் என்றுதான் கேட்கிறேன். 1977இல் தில்லி ஐஐடியில் கிரண் சேத் தொடங்கிய ஸ்பிக் மெக்கே இயக்கம் இதைச் செய்து காட்டியிருக்கிறது. பெரிய இசைக்கலைஞர்கள் கல்லூரிகளுக்கு வந்து, பாடி, பாடியதை விளக்கி, மாணவர்களின் கேள்விக்கும் பதில் சொல்கிறார்கள்.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. அறிவியல் துறைகளின் சொற்பொழிவுகளில் ஆண்டுக்குச் சிலவாவது தமிழில் நடக்கட்டும். பொழிவாளர் ஐசோடோப்பு என்று சொன்னாலும் சரி, ஓரிடத்தான் என்று சொன்னாலும் சரி, கேட்பவருக்குப் புரிய வேண்டும். அரசுப் பள்ளியில் பிளஸ் டூ படிக்கிற பிள்ளைகளை மாலையில் ஆசிரியர்கள் அழைத்து வரக்கூடிய அளவுக்கு அந்தப் பேச்சு இருந்தால், அதைவிடப் பெரிய சேர்க்கை விளம்பரம் உங்களுக்குத் தேவைப்படாது.

பேசியதைப் பதிவு செய்வது அடுத்தது. மியூசிக் அகாடமி தன் விளக்கவுரைகளையும் விவாதங்களையும் 1930 முதல் ஆய்விதழாக வெளியிட்டு வருகிறது. தொண்ணூறு ஆண்டுக்கு முன்பு ஒரு வித்துவான் ஒரு ராகத்தைப் பற்றி என்ன சொன்னார், யார் மறுத்தார் என்பதை இன்று ஓர் ஆய்வாளர் எடுத்துப் படிக்க முடிகிறது. உங்கள் அரங்குகளில் கடந்த இருபது ஆண்டுகளில் பேசப்பட்டவற்றில் எத்தனை இப்படிக் கிடைக்கும்? எல்லோர் கையிலும் ஒலிப்பதிவுக் கருவி இருக்கும் காலம் இது. பேச்சை முழுமையாகப் பதிவு செய்து பல்கலைக்கழகத் தளத்தில் ஏற்றுங்கள். எழுத்து வடிவத்தைப் பொழிவாளரிடம் முன்கூட்டியே வாங்கி, சிறு நூலாகவோ மின்னூலாகவோ வெளியிடுங்கள். அச்சில் இல்லாமல் போன பழைய அறக்கட்டளை நூல்களைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்துக்குக் கொடுத்தால் அவர்கள் பாதுகாப்பார்கள்.

பணத்துக்கு வழி இருக்கிறது. சிறிய அறக்கட்டளைகள் ஐந்தாறை ஒன்றாக இணையுங்கள். அவற்றின் வட்டியைச் சேர்த்து ஆண்டுக்கு ஒரே ஒரு நல்ல சொற்பொழிவு நடத்துங்கள். அழைப்பிதழில் கொடையாளர்கள் எல்லோருடைய பெயரையும் போடுங்கள். கொடுத்தவர்களின் குடும்பங்களுக்குக் கடிதம் எழுதிச் சம்மதம் கேளுங்கள். பெரும்பாலானவர்கள் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொள்வார்கள், சிலர் வைப்புத் தொகையை உயர்த்தியும் தருவார்கள். தாத்தா பெயரில் பேச்சு நடப்பதே தெரியாமல் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களை அழைத்து முன்வரிசையில் உட்கார வையுங்கள். இணைப்பதற்கு ஆட்சிக்குழுவின் தீர்மானம் வேண்டும், சில இடங்களில் கொடைப் பத்திரத்தின் நிபந்தனைகளையும் பார்க்க வேண்டும் என்பது தெரியும். அந்த வேலையை ஒருமுறை செய்துவிட்டால் பல ஆண்டுக்கு உதவும்.

கடைசியாக, கேள்விகளுக்குப் பயப்படாதீர்கள். பொதுமக்களை உள்ளே விட்டால் யாராவது ஏடாகூடமாகக் கேட்டுவிடுவார்களோ, மேலிடத்தில் விளக்கம் கேட்பார்களோ என்ற பயம் பல துறைகளில் இருப்பதைப் பார்க்கிறேன். அந்தப் பயத்தில்தான் யாருக்கும் சிக்கல் தராத தலைப்பும், யாரையும் கேட்க விடாத நேரமும் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. சாதி பற்றி, மதம் பற்றி, நீர் பற்றி, நிலம் பற்றி ஆதாரத்தோடு ஒருவர் பேசவும், அதை இன்னொருவர் எழுந்து மறுக்கவும், இருவரும் கைகலக்காமல் வீட்டுக்குப் போகவும் பழக வேண்டிய இடம் பல்கலைக்கழகம். துறைத்தலைவர் அப்படி ஒரு நிகழ்ச்சி நடத்தினால், வருகிற கேள்விக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன் என்று துணைவேந்தர் அவருக்குத் துணை நிற்க வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றச் சொல்லவில்லை. வரும் பருவத்தில் ஒரே ஒரு அறக்கட்டளைச் சொற்பொழிவை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று வாரம் முன்னதாக அறிவியுங்கள். நாளிதழின் 'இன்றைய நிகழ்ச்சிகள்' பகுதிக்கும், பக்கத்துப் பள்ளிகளுக்கும், நூலகங்களுக்கும் செய்தி அனுப்புங்கள். மாலை ஆறு மணிக்கு வையுங்கள். வரவேற்பும் அறிமுகமும் சேர்த்துப் பத்து நிமிடம், பேச்சு ஐம்பது நிமிடம், கேள்விக்கு அரை மணி. பொழிவாளர் மறுநாள் காலை ஒரு மணி நேரம் மாணவர்களோடு தனியாக உட்காரட்டும். அந்த மாணவர்களில் வேறு கல்லூரியிலிருந்து வந்தவர்களும் இருக்கட்டும். வாசல் காவலருக்கு நிகழ்ச்சி நிரலின் ஒரு பிரதியைக் கொடுத்து விவரம் சொல்லி வையுங்கள்.

தேதியை அறிவித்தால் நான் வருகிறேன். என்னிடம் படித்தவர்களில் இப்போது ஆசிரியர்களாக இருப்பவர்களுக்கும் சொல்லி, அவர்கள் மாணவர்களையும் அழைத்து வரச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஓர் இயற்பியல் ஆசிரியர்,
சென்னை